அணுவிலிருந்து அடுப்பங்கரை வரை

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், குரோம்பேட்டையைத் தாண்டியதும் ஒரு ஸ்டேஷன் வருகிறது. பலகையில் 'தாம்பரம் சானடோரியம்' என்று எழுதியிருக்கும். கல்லூரி மாணவர்களும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களும் நித்தம் அங்கே ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கிய காலம் ஒன்று இருந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

1928-ம் ஆண்டில் டாக்டர் சவுரி முத்து என்பவர் அந்த இடத்தில் க்ஷயரோகிகளுக்காக ஒரு சானடோரியத்தை ஏற்படுத்தினார். அதன் பெயரே ஸ்டேஷனுக்கும் நிலைத்துவிட்டது. அந்த நாளில் க்ஷயம் என்றால் பாதி மரணம். "அந்த வீட்டில் இருமல் இருக்கிறது" என்று ஒருவர் வாய்விட்டால் போதும், அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கவும் மாட்டார்கள். வசதியுள்ளவர்கள் மதனப்பள்ளிக்கோ தாம்பரத்துக்கோ போய் மாதக்கணக்கில் படுத்திருப்பார்கள். வசதியில்லாதவர்கள் திண்ணையில் ஒரு மூலையில் ஒதுக்கிவைக்கப்படுவார்கள்.

அந்தக் காலம் மாறியதற்குக் காரணம் யார்? மருந்து கண்டுபிடித்தவர்கள் என்று சட்டென்று பதில் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். அணுவுக்குள் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டவர்கள், கண்ணாடித் தட்டில் கிருமி வளர்த்தவர்கள், சென்னையின் குடிசைகளுக்குள் நுழைந்து மாத்திரை எண்ணியவர்கள், கிராமத்து மக்களிடம் போய்ப் பேச்சுக்கொடுத்தவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மனிதர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் செய்த வேலை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கிறது.

ஒரு பிரசங்கத்தின் விளைவு

க்ஷயரோகக் கிருமியை ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய டாக்டர் 1882-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி பெர்லின் நகரில் உலகத்துக்கு அறிவித்தார். எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்த எதிரியை வீழ்த்த அறுபது ஆண்டுகளுக்கு மேல் மருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. ஓய்வு, நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று இவைதான் சிகிச்சை.

இது இப்படியிருக்க, சம்பந்தமே இல்லாத வேறொரு துறையில் ஒரு புரட்சி நடந்துகொண்டிருந்தது. அணுவுக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் தங்கள் இஷ்டம்போல் எந்த நிலையிலும் இருக்க முடியாது. குறிப்பிட்ட சில படிகளில்தான் நிற்க முடியும். ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குத் தாவ முடியுமே தவிர நடுவில் நிற்க முடியாது என்று குவாண்டம் பௌதிகம் கண்டுபிடித்தது. இந்தப் புது சாஸ்திரத்தின் பிதாமகர்களில் ஒருவர் டென்மார்க் தேசத்து நீல்ஸ் போர்.

1932-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கோபன்ஹேகன் நகரில், ஒளியைக் கொண்டு வைத்தியம் செய்யும் டாக்டர்களின் மகாநாட்டில் போர் ஒரு பிரசங்கம் செய்தார். 'ஒளியும் உயிரும்' என்பது தலைப்பு. அணுவை ஆராய்ந்தபோது பழைய எண்ணங்களை விட்டுப் புது எண்ணங்களுக்கு வர வேண்டியிருந்ததே, உயிரை ஆராயும்போதும் அப்படி ஏதாவது நேருமோ என்று அவர் கேட்டார்.

சபையில் மாக்ஸ் டெல்புருக் என்ற 25 வயது ஜெர்மானிய இளைஞர் உட்கார்ந்திருந்தார். அவர் படித்தது அணுவைப் பற்றிய பௌதிகம். அந்தப் பிரசங்கம் அவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டது. உயிரின் ரகசியத்தைப் பௌதிகக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

பகலில் பெர்லினில் லீசே மைட்னர் என்ற அணு விஞ்ஞானியிடம் உதவியாளர் வேலை. மற்ற நேரத்தில் உயிர் நூல் நிபுணர்களோடு விவாதம். 1935-ம் ஆண்டில் அவரும், டிமோஃபேயெஃப் ரெஸ்ஸோவ்ஸ்கி என்ற ரஷ்ய நிபுணரும், ஸிம்மர் என்ற கதிரியக்க நிபுணரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழ ஈக்களின்மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால் அவற்றின் சந்ததியில் மாறுதல்கள் தோன்றுகின்றன. அப்படியானால், பெற்றோரின் குணத்தைப் பிள்ளைக்குக் கொண்டுபோகும் 'ஜீன்' என்பது அணுக்கள் உறுதியாகச் சேர்ந்து நிற்கும் ஓர் அமைப்பாகத்தான் இருக்க வேண்டும். அது எப்போதோ ஒருமுறை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவிவிடுகிறது. எலெக்ட்ரான் படி தாவுவதைப்போல!

இந்தக் கட்டுரை அதிகம் பேர் கண்ணில் படவில்லை. ஆனால் எர்வின் ஷ்ரோடிங்கர் என்ற பெரிய பௌதிக மேதையின் கண்ணில் பட்டது. 1943-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் டெல்புருக்கின் கருத்தை விரிவாக எடுத்துச் சொன்னார். அடுத்த ஆண்டு அவை 'உயிர் என்றால் என்ன?' என்ற புத்தகமாக வெளிவந்தன. அதைப் படித்த பல வாலிபர்கள் உயிர் நூலின் பக்கம் திரும்பினார்கள்.

காசு கொட்டும் இயந்திரம்

1937-ல் டெல்புருக் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவுக்குப் போய்ச்சேர்ந்தார். அங்கே ஈயைவிடச் சிறிய, எளிய உயிரைத் தேடினார். பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் ஒருவகை வைரஸ் கிடைத்தது. அதற்குப் 'பேஜ்' என்று பெயர்.

அதே சமயத்தில் ஸால்வடோர் லூரியா என்ற யூத டாக்டர் இத்தாலியிலிருந்து தப்பிப் பாரிஸுக்கு வந்திருந்தார். 1940-ல் நாஜிப் படை பாரிஸை நெருங்கியதும், சைக்கிளில் ஏறித் தெற்கே ஓடினார். எப்படியோ கப்பலேறி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டின் கடைசியில் இருவரும் சந்தித்தார்கள். ஒருவர் ஜெர்மானியர், இன்னொருவர் இத்தாலியர். யுத்தம் மூண்டதும் அமெரிக்க சர்க்காருக்கு இருவரும் 'எதிரி நாட்டார்' ஆகிவிட்டார்கள். யுத்த ஆராய்ச்சியில் அவர்களைச் சேர்க்கவில்லை. அதனால் பேஜை ஆராய நேரம் கிடைத்தது!

ஒரு புதிர் அவர்களை வாட்டியது. பாக்டீரியா நிறைந்த தட்டில் பேஜை ஊற்றினால் அத்தனையும் செத்துப்போகின்றன. ஆனால் மறுநாள் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள் முளைத்திருக்கின்றன. பேஜ் கொல்ல முடியாத பாக்டீரியாக்கள் அவை. அவற்றுக்கு அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? பேஜைக் கண்ட பிறகு பழகிக்கொண்டனவா? அல்லது பேஜ் வருவதற்கு முன்பே அப்படிப் பிறந்தவையா?

1943-ம் ஆண்டின் ஆரம்பத்தில் லூரியா இந்தியானா சர்வகலாசாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஒருநாள் ஆசிரியர்களின் நடன விருந்து ஒன்றில் சக ஆசிரியர் ஒருவர் சூதாட்ட இயந்திரத்தில் காசு போட்டுக்கொண்டிருந்ததை வேடிக்கை பார்த்தார். பெரும்பாலான தடவை ஒன்றும் வரவில்லை. திடீரென்று ஒரு தடவை கலகலவென்று காசு கொட்டியது. கிண்டிக் குதிரைப் பந்தயத்தால் நம் ஊருக்கும் பழகிப்போன சொல்லில் சொன்னால், ஜாக்பாட்!

லூரியாவுக்குப் பொறி தட்டியது. பேஜைக் கண்ட பிறகுதான் பாக்டீரியாக்கள் பழகிக்கொள்கின்றன என்றால், ஒவ்வொரு குழாயிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைதான் பிழைக்க வேண்டும். முன்பே தற்செயலாக மாறிப் பிறக்கின்றன என்றால் கணக்கு வேறு. ஒரு குழாயில் ஆரம்பத்திலேயே ஒரு பாக்டீரியா மாறிவிட்டால், அதன் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று வம்சமே பெருகி ஜாக்பாட் அடிக்கும். கடைசி நேரத்தில் மாறினால் ஒன்றிரண்டே இருக்கும். மாறாவிட்டால் சூன்யம்.

தனித்தனிக் குழாய்களில் பாக்டீரியாக்களை வளர்த்துச் சோதித்தார். ஒரு சோதனையில் 20 குழாய்கள். அவற்றில் 11 குழாய்களில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. சிலவற்றில் 1, 3, 5, 6 என்று பிழைத்தன. ஆனால் ஒன்றில் 35, ஒன்றில் 64, இன்னொன்றில் 107! சந்தேகமே இல்லை, சூதாட்ட இயந்திரத்தின் கணக்கேதான்.

லூரியா எழுதிய கடிதத்தைப் பார்த்ததும் டெல்புருக் அதற்குரிய கணிதத்தைப் போட்டு அனுப்பினார். ரேடியம் போன்ற பொருளில் எந்த அணு எப்போது வெடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கான அணுக்களில் எத்தனை வெடிக்கும் என்று கணக்கிட்டுவிடலாம். அதைப்போன்ற கணக்குகளில் ஊறியவர் அவர். பாக்டீரியாவின் மாறுதலையும் அதே மாதிரித் தற்செயல் கணக்காக எழுதிவிட்டார். 1943-ம் ஆண்டின் இறுதியில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. 1969-ம் ஆண்டு இருவரும், ஆல்பிரட் ஹெர்ஷி என்பவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மருந்தைப் பார்க்காமலே மருந்தை வென்றவை

லூரியா கணக்கெழுதிய அதே 1943-ல், அமெரிக்காவின் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் ஸெல்மன் வாக்ஸ்மனின் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார். க்ஷயரோகக் கிருமியைக் கொல்லும் மருந்து கடைசியில் வந்தே விட்டது.

யுத்தத்தால் நொடிந்துபோயிருந்த பிரிட்டனில் அந்த மருந்தை வேண்டிய மட்டும் வாங்க டாலர் இல்லை. எல்லோருக்கும் கொடுக்க முடியாத நிலையில், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கௌன்ஸில் நேர்மையான ஒரு வழியைக் கையாண்டது. 107 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948-ம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்த முடிவு வெளியாயிற்று.

அதற்கு நான்கு மாதம் முன்பு, ஜூன் 30-ந் தேதி, தமிழ்ச் சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் இதே நோயால் மறைந்தார். வயது 42.

மருந்து கிடைத்துவிட்டது என்று டாக்டர்கள் ஆனந்தப்பட்டார்கள். ஆனால் அந்த ஆனந்தம் நிலைக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து மறுபடி கணக்கெடுத்தபோது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்திருந்தார்கள். பெறாத 52 பேரில் 35 பேர். பெரிய வித்தியாசம் இல்லை! காரணம், பெரும்பாலான நோயாளிகளின் உடலில் இருந்த கிருமிகள் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு மசியாதவையாக ஆகியிருந்தன.

1952-ல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்ற அமெரிக்கத் தம்பதி இதை எளிய முறையில் காட்டினார்கள். பாக்டீரியா வளர்ந்த தட்டின்மேல் ஒரு வெல்வெட் துணியை ஒற்றி, அந்தத் துணியை ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த தட்டின்மேல் ஒற்றினார்கள். கோலமாவு அச்சைப்போல் அதே இடத்தில் அதே பாக்டீரியாக்கள் பதிந்தன. மருந்துத் தட்டில் எந்த இடத்தில் பிழைத்தனவோ, முதல் தட்டில் அதே இடத்தில் இருந்தவற்றை எடுத்துப் பார்த்தால் அவையும் மருந்துக்கு மசியவில்லை. அவை ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்ணால்கூடக் கண்டவையல்ல!

க்ஷயரோகியின் நுரையீரலில் ஏற்படும் ஒரு குழியில் சுமார் 10 கோடி கிருமிகள் இருக்கலாம். 10 லட்சத்துக்கு ஒன்று ஒரு மருந்துக்கு மசியாது என்று வைத்துக்கொண்டால், மருந்து தொடங்குவதற்கு முன்பே அங்கே 100 கிருமிகள் தயாராக உட்கார்ந்திருக்கின்றன. மற்றவை செத்ததும் காலி வீட்டைப் பிடித்துக்கொள்வதுபோல் இவை பெருகிவிடும். ஆனால் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டுக்கும் மசியாத கிருமி லட்சம் கோடியில் ஒன்றுதான் இருக்கும். அந்தக் குழியில் அப்படி ஒன்று இருப்பதே அபூர்வம்.

பிரிட்டிஷ் டாக்டர்கள் தங்கள் சோதனையின் மூலமாகவே இந்த முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசினோடு 'பாஸ்' என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, மசியாத கிருமிகள் வெகு சிலரிடமே தோன்றின என்று 1950-ல் கண்டார்கள். 1952-ல் ஐசோனயாசிட் வந்தது. இது மலிவான மாத்திரை, ஊசி தேவையில்லை. ஆராய்ச்சிசாலையின் கணக்கும் ஆஸ்பத்திரியின் அனுபவமும் ஒரே இடத்தில் வந்து கைகோத்துக்கொண்டன.

சென்னையில் ஒரு சோதனை

மருந்து இருக்கிறது. ஆனால் படுக்கை எங்கே? இந்தியாவில் க்ஷயரோகிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். சானடோரியப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய ஆய்வு இன்னொரு உண்மையையும் வெளிப்படுத்தியது. க்ஷயம் பட்டணத்து நோய் என்று எண்ணியது தவறு. கிராமங்களிலும் அது அதே அளவுக்குப் பரவியிருந்தது.

வீட்டில் வைத்தே வைத்தியம் பார்த்தால் என்ன? டாக்டர்கள் பலர் தலையை ஆட்டவில்லை. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீடு. சத்தான சாப்பாடு கிடையாது. ஓய்வு என்ற பேச்சே இல்லை. அங்கே எப்படி நோய் குணமாகும்? கூட இருக்கும் குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளாதா?

இதற்குப் பதில் காண 1956-ம் ஆண்டில் சென்னை சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஆரம்பமாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கௌன்ஸில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கௌன்ஸில் ஆகிய நான்கும் கூடி நடத்திய நிலையம் அது. தலைமை வகித்தவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கும் முறையிலேயே தீர்மானித்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து: ஐசோனயாசிட்டும் பாஸும், ஓராண்டு காலம். சானடோரியத்துக்குப் போனவர்களுக்குக் காற்றோட்டமான இடம், பாலும் முட்டையுமாகப் போஷாக்கான சாப்பாடு, படுக்கையில் ஓய்வு, பக்கத்தில் நர்ஸ். வீட்டில் இருந்தவர்களுக்குப் பழைய குடிசை, பழைய கஞ்சி. வாரம் ஒருமுறை நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிக்கொண்டு போகவேண்டும்.

1959-ல் முடிவு வெளியாயிற்று. மருத்துவ உலகம் திகைத்து நின்றது. சானடோரியத்தில் இருந்தவர்களிலும் வீட்டில் இருந்தவர்களிலும் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேருக்குச் சளியில் கிருமி மறைந்திருந்தது! சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை அதிகம் ஏறியிருந்தது உண்மை. ஆனால் கிருமியை ஒழித்தது கட்டிலும் காற்றும் அல்ல; மருந்துதான்.

குழந்தைகள் விஷயம்? நிலையத்தார் இரு பிரிவினரின் குடும்பங்களையும் ஐந்து ஆண்டுகள் விடாமல் கவனித்தார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாக ஒட்டவில்லை. ஒட்டுவதெல்லாம் பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மருந்து தொடங்கிய பிறகு அபாயம் வேகமாகக் குறைந்துவிடுகிறது.

இதன் பொருள் என்ன? தகப்பன் ஓராண்டு வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை. தாயைப் பிரிந்து குழந்தை அழ வேண்டியதில்லை. சர்க்கார் லட்சக்கணக்கான படுக்கைகள் கட்டும்வரை நோயாளி காத்திருக்கவும் வேண்டியதில்லை. உலகத்தின் பல நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்குச் சேத்துப்பட்டில் கிடைத்த இந்த முடிவு ஒரு முக்கிய காரணம். தாம்பரம் சானடோரியமும் பிற்காலத்தில் எல்லா வகை நெஞ்சு நோய்களுக்குமான அரசு ஆஸ்பத்திரியாக மாறிவிட்டது.

மாத்திரை எங்கே போயிற்று?

ஆனால் வீட்டு வைத்தியத்தில் ஒரு ஓட்டை இருந்தது. மருந்து நோயாளியின் கைக்குப் போகிறது; வாய்க்குப் போகிறதா? இரண்டு மூன்று மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும், "இனி எதற்கு மருந்து?" என்று தோன்றிவிடுகிறது. 'பாஸ்' மருந்தைக் கிராம் கணக்கில் விழுங்கவேண்டும், வயிற்றைப் புரட்டும். சிலர் ரகசியமாக நிறுத்திவிடுவார்கள்.

நிலையத்துப் பணிப்பெண்கள் முன்னறிவிப்பில்லாமல் வீடுகளுக்குப் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். நோயாளிகளைக் குற்றவாளிகளாக்குவதற்கு அல்ல இது. மனித சுபாவம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு. வாரம் இருமுறை மட்டும் நிலையத்துக்கு வரச்சொல்லி, கண்ணெதிரே மருந்து கொடுத்தால் போதுமா என்று அடுத்த சோதனை நடந்தது. போதும் என்ற முடிவு 1964-ல் வெளியாயிற்று. 1990-களில் உலக சுகாதார ஸ்தாபனம் உலகெங்கும் பரப்பிய 'டாட்ஸ்' என்ற நேரடிக் கண்காணிப்பு முறைக்கு விதை போட்டவற்றில் இதுவும் ஒன்று.

இங்கே மறுபடியும் அந்தச் சூதாட்ட இயந்திரம் நினைவுக்கு வரவேண்டும். அரைகுறையாக மருந்து சாப்பிடுகிறவர் தம் உடம்பில் இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளுக்கு ஜாக்பாட் அடிக்க வாய்ப்புக் கொடுக்கிறார். மசியாத கிருமி பெருகினால் அது அவரோடு நிற்பதில்லை, அடுத்தவருக்கும் போகிறது.

நோயாளியைக் கேட்டார்கள்

பெங்களூரில் 1959-ம் ஆண்டில் தேசிய க்ஷயரோக நிலையம் ஏற்பட்டது. அங்கே டாக்டர்களோடு சமூக நூல் நிபுணர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டது ஒரு புதுமை. அப்போதெல்லாம், "கிராமத்து ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது, நோய் வந்தாலும் டாக்டரிடம் வரமாட்டார்கள், எக்ஸ்ரே வண்டியை நாம்தான் ஊர் ஊராக ஓட்டவேண்டும்" என்று அதிகாரிகள் நம்பினார்கள்.

டாக்டர் டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் கிராமங்களில் நோயாளிகளை நேரில் விசாரித்து 1963-ல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்கள் உடம்பில் ஏதோ கோளாறு என்று தெரிந்திருந்தது. பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிப் படி ஏறியிருந்தார்கள்! அங்கே இருமல் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தவறு ஜனங்களிடம் அல்ல. அவர்கள் வந்து நின்ற இடத்தில் சளியைச் சோதிக்க ஆள் இல்லாததுதான் தவறு.

1962-ல் தொடங்கிய தேசிய க்ஷயரோகத் திட்டம், ஜில்லாதோறும் சாதாரண ஆஸ்பத்திரிகளிலேயே சளிச் சோதனையும் இலவச மருந்தும் கிடைக்க வேண்டும் என்ற அடிப்படையில் அமைந்ததற்கு இத்தகைய ஆராய்ச்சிகளே காரணம். அந்நாளில் இந்தியாவில் இந்தப் பணியில் ஈடுபட்டிருந்த ஹாஃப்டன் மாலர் என்ற டென்மார்க் டாக்டர்தான் பின்னால் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைவராகி, 1978-ல் 'எல்லோருக்கும் ஆரம்ப சுகாதாரம்' என்ற கொள்கையை அல்மா ஆட்டா மகாநாட்டில் முழங்கினார்.

அரிசியும் பருப்பும்

இத்தனைக்குப் பிறகும் க்ஷயம் ஒழிந்துவிட்டதா? இல்லை. 2023-ம் ஆண்டில் உலகத்தில் 1 கோடியே 8 லட்சம் பேருக்கு அந்த நோய் கண்டது; 12½ லட்சம் பேர் மாண்டார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. நோய் கண்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியர்.

சேத்துப்பட்டுச் சோதனையை அரைகுறையாகப் படித்தவர்கள், "சாப்பாடு முக்கியமில்லை, மருந்துதான் முக்கியம்" என்று முடிவுகட்டிவிட்டார்கள். நோய் வந்த பிறகு கிருமியைக் கொல்வது மருந்து என்றுதான் அந்தச் சோதனை சொன்னது. நோய் வராமல் தடுப்பது எது என்று அது கேட்கவே இல்லை.

அந்தக் கேள்வியை ஜார்க்கண்டில் ஒரு குழு கேட்டது. டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோரோடு, சேத்துப்பட்டு நிலையத்தின் வாரிசான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையமும் இதில் பங்குகொண்டது. நான்கு ஜில்லாக்களில் நோயாளிகள் எல்லோருக்கும் உணவு கொடுத்தார்கள். அவர்களுடைய வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 10,345 குடும்பத்தாரைக் கவனித்து, 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முடிவை வெளியிட்டார்கள். உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் க்ஷயம் தோன்றுவது 39 சதவிகிதம் குறைந்திருந்தது. தொற்றும் வகையான நுரையீரல் க்ஷயமோ 48 சதவிகிதம், அதாவது ஏறக்குறையப் பாதி!

புதிய தடுப்பூசி அல்ல, புதிய மாத்திரை அல்ல. ரேஷன் கடையில் கிடைக்கும் அரிசியும் பருப்பும்!

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதே வழியில் ஓர் எளிய காரியத்தைச் செய்தது. நோய் கண்டவுடன் எடை பார்ப்பது, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்ப்பது. நிலைமை மோசமானவர்களை மட்டும் உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. எல்லோருக்கும் படுக்கை தேவையில்லை என்று சென்னை கண்டது 1959-ல். யாருக்குப் படுக்கை அவசியம் என்று பிரித்தறிய வழி செய்தது இந்தத் திட்டம்.

நோயாளிகளுக்கு உணவுக்காக மத்திய சர்க்கார் 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024-ம் ஆண்டு நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. மசியாத கிருமிக்கும் புதிய மருந்துகள் வந்திருக்கின்றன. ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீண்ட சிகிச்சையை ஆறு மாதத்தில் முடிக்கும் மருந்துக் கூட்டை உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் சிபாரிசு செய்தது.

அணு எப்படித் தாவுகிறது என்ற கேள்வியோடு கோபன்ஹேகனில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தபோது, அது சென்னைக் குடிசையில் இருமிக்கொண்டிருந்த ஓர் ஏழைக்கு என்றோ பயன்படும் என்று யார் நினைத்திருப்பார்கள்? மருந்தைப் பாதியில் நிறுத்தாதே என்று சொல்லும் சுகாதார ஊழியருக்கு டெல்புருக்கின் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்த ஊழியர் சொல்லும் வார்த்தைக்குப் பின்னால் அவருடைய கணக்கும் இருக்கிறது. மாத்திரை எண்ணிய பணிப்பெண்ணின் உழைப்பும் இருக்கிறது. சோற்றுப் பானையில் கூடுதலாக விழும் ஒரு பிடி அரிசியும் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சோதனை இலவசம், மருந்தும் இலவசம். வெட்கப்பட்டு மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.